பட்டை செட் மாற்றியதிலிருந்து வண்டி இடப்பக்கம் இழுக்கிறது, முன் டயர் தேய்கிறது: அலைன்மென்ட்டை எங்கிருந்து பிடிப்பது?

சங்ககிரி லோடு:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது பத்துச் சக்கர வண்டி. சங்ககிரியிலிருந்து சிமெண்ட் ஏற்றிக் கேரளா, கர்நாடகா போகும். எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) முன்னால் முன்பக்கப் பட்டை செட் (எடையைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங்) இரண்டையும் புதிதாகப் போட்டோம். பின்னால் சில பட்டைகள் உடைந்திருந்தன, அதையும் மாற்றினோம். டார்க் ராடு (பின் அச்சை இடத்தில் பிடித்து வைக்கும் தண்டு) புஷ் எல்லாம் போய்விட்டது என்று சொன்னார்கள், ராடுகளும் புதிதுதான். ஷாக் அப்சார்பர், பட்டையை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட் எல்லாம் புதிது. செலவில் குறை வைக்கவில்லை.

வேலை முடிந்து வெளியே வந்ததிலிருந்து ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் பிடித்தால்தான் வண்டி நேராகப் போகிறது. பிடியைத் தளர்த்தினால் கிளீனர் சைடு, அதாவது இடப்பக்கம், இறங்கப் பார்க்கிறது. முன் டயர் இரண்டும் 295/90ஆர்20 ரேடியல், பட்டை வேலையோடு சேர்த்துப் போட்டவை. கிளீனர் சைடு டயரில் வெளி ஓரம் தேய்கிறது, டிரைவர் சைடு டயரில் உள் ஓரம் தேய்கிறது.

கம்ப்யூட்டர் அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று. டோ (முன் சக்கரங்களுக்கு நடுவில் முன்னாலும் பின்னாலும் உள்ள தூர வித்தியாசம்) ஒன்றரை மில்லி வைத்துக் கொடுத்து, "எல்லாம் சரியாக இருக்கிறது, ரோடு சாய்வுக்கு அப்படித்தான் இழுக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பப் போய்க் கேட்டாலும் அதே பதில். அடுத்து என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கட்டைவண்டி:

நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுகிறோம், ரோடு நடுவில் உயர்ந்து ஓரம் சரிந்திருக்கும். எல்லா வண்டியும் கொஞ்சம் இடப்பக்கம்தான் போகும். புதுப் பட்டை படிய நாளாகும். நான்கு லோடு அடித்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் டோவை இன்னும் ஒரு மில்லி கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

டயர்தடம்:

டோவில் கை வைக்காதீர்கள். அவர் சொன்ன தேய்மானத்தை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள், காரணம் அதிலேயே இருக்கிறது.

டோ-இன் (டயர்களின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருப்பது) அதிகமாக இருந்தால் இரண்டு டயரிலும் வெளி ஓரம் போகும். டோ-அவுட் (வெளிநோக்கித் திரும்பியிருப்பது) என்றால் இரண்டிலும் உள் ஓரம் போகும். இவருக்கு இடது டயரில் வெளி ஓரம், வலது டயரில் உள் ஓரம். அதாவது இரண்டு டயரிலுமே கிளீனர் சைடு பார்த்த ஓரம்தான் தேய்கிறது. முன் அச்சு தன்பாட்டுக்குச் செய்கிற தேய்மானம் இல்லை இது. பின்னாலிருந்து ஏதோ ஒன்று வண்டியின் மூக்கை இடப்பக்கம் தள்ளுகிறது. டிரைவர் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் பிடித்து அதைச் சமாளிக்கிறார். நடுவில் மாட்டிக்கொண்டு முன் டயர் இரண்டும் தரையில் உரசுகின்றன.

உறுதி செய்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. வண்டியை நிறுத்தி, டயரில் எங்கும் கம்பி வெளியே தெரியவில்லை என்று பார்த்துக்கொண்டு, உள்ளங்கையை டயரின் மேல் குறுக்கே இழுங்கள். ஒரு திசையில் வழுக்கும். எதிர்த்திசையில் ஒவ்வொரு ரிப்பின் (டயரைச் சுற்றி ஓடும் ரப்பர் வரி) விளிம்பும் கையைக் கீறும். டோ-இன் அதிகமென்றால் இரண்டு டயரிலும் உள்ளேயிருந்து வெளியே இழுக்கும்போது கீறும். டோ-அவுட்டில் வெளியிலிருந்து உள்ளே இழுக்கும்போது. உங்கள் வண்டியில் இரண்டு டயரிலுமே டிரைவர் சைடிலிருந்து கிளீனர் சைடு நோக்கி இழுக்கும்போது கீறினால், பார்க்க வேண்டிய இடம் பின் அச்சு.

இன்னொன்று கேட்க வேண்டும். கம்ப்யூட்டரில் பார்த்தபோது சென்சரை முன் சக்கரத்தில் மட்டும் மாட்டினார்களா, பின் அச்சு இரண்டிலும் மாட்டினார்களா?

சங்ககிரி லோடு:

முன் சக்கரத்தில் மட்டும்தான் மாட்டினார்கள் அண்ணா. கையால் தடவிப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரியேதான். இரண்டு டயரிலும் டிரைவர் சைடிலிருந்து இழுக்கும்போதுதான் கீறுகிறது. கிளீனர் சைடு டயரில் நன்றாகவே தெரிகிறது.

ஆட்டோ வாத்தியார்:

பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் எடுக்கிறேன். டயர்தடம் சொன்னதற்குக் கணக்கு சேர்க்கிறேன். ஒன்றிரண்டு மில்லியில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள்.

295/90ஆர்20 டயரின் விட்டம் ஏறக்குறைய 1,040 மி.மீ. டயரின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் மொத்த டோ வித்தியாசம் 6 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு டயருக்கு 3 மி.மீ. 1,040-க்கு 3 என்றால் 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய 2.9 மீட்டர். அதாவது வண்டி ஒரு கிலோமீட்டர் நேராகப் போவதற்குள் ஒவ்வொரு முன் டயரும் மூன்று மீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் இழுபடுகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மூன்று கிலோமீட்டர். அதுவும் லோடோடு. ரேடியல் டயருக்குப் பெரும்பாலான கையேடுகளில் டோ பூஜ்யத்துக்குப் பக்கத்தில், ஒன்றிரண்டு மில்லி டோ-இன்னுக்குள் இருப்பதற்குக் காரணம் இதுதான். பழைய நைலான் டயர்க் காலத்து அளவை நினைவில் வைத்துக்கொண்டு மூன்று, நான்கு மில்லி வைக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

பின் அச்சுக்கும் கணக்கு இதேதான். அச்சின் ஒரு முனை கொஞ்சம் முன்னால் போனால், அந்த அச்சு பார்க்கும் திசை மறுபக்கம் திரும்பிவிடும். இடது முனை முன்னால் போய்விட்டதென்றால் பின் சக்கரங்கள் வலப்பக்கம் பார்த்து உருளும். வண்டியின் பின்பாதி வலப்பக்கம் ஒதுங்கும், மூக்கு இடப்பக்கம் திரும்பும். சக்கர இடைவெளி (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம்) எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் வண்டி இழுக்கும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம். உங்கள் வண்டியில் ஒன்று கிளீனர் சைடு முனை முன்னால் இருக்க வேண்டும், அல்லது டிரைவர் சைடு முனை பின்னால் இருக்க வேண்டும்.

பத்துச் சக்கர வண்டியில் பின்னால் இரண்டு அச்சு. இரண்டும் ஒரே திசையைப் பார்க்கவில்லை என்றால் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். அந்தச் சண்டையின் வேகம் முழுவதும் முன் டயரில்தான் வந்து விழும். ஒற்றைப் பின் அச்சு வண்டி நண்டு மாதிரி சாய்ந்து ஓடினாலும் முன் டயர் ஓரளவு பிழைத்துக்கொள்ளும். இரட்டை அச்சில் அதற்கு வழியே இல்லை.

பட்டைக்கடை:

தம்பி, பட்டை வேலை என் தொழில். நேரில் பார்க்காமல் இதுதான் குறை என்று சொல்ல மாட்டேன். எங்கெங்கே தவறுகிறது என்று சொல்கிறேன், ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலில் முன்பக்கம். பட்டை செட்டின் நடுவில் சென்டர் போல்ட் இருக்கிறது இல்லையா, அதன் தலை அச்சின் இருக்கையில் உள்ள ஓட்டையில் முழுதாக இறங்கி உட்கார வேண்டும். பழைய பெயிண்ட், துரு, மண் கட்டி ஏதாவது அடியில் மாட்டிக்கொண்டால் தலை ஓட்டை விளிம்பில் ஏறி நிற்கும். யூ போல்ட்டை முறுக்கும்போது உட்கார்ந்த மாதிரி தெரியும், அச்சு நாலைந்து மில்லி தள்ளி நிற்கும். கடையில் வாங்கும் செட்டில் சென்டர் போல்ட் தலை சிறிதாகவும், அச்சின் ஓட்டை தேய்ந்து பெரிதாகவும் இருந்தால் கேட்கவே வேண்டாம். பிரேக் போடும்போதெல்லாம் அச்சு நகரும்.

அடுத்தது ஆப்புத் தகடு. முன் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்த தகடு ஒன்று இருக்கும். பட்டையைக் கழற்றும்போது அது கீழே விழும். திரும்பப் போடும்போது எந்தப் பக்கம் தடிப்பு என்று பார்க்காமல் சொருகிவிடுவார்கள். சில இடத்தில் போடவே மாட்டார்கள். காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சாணி பின்னால் சாய்ந்திருக்கும் அளவு, அதில்தான் இருக்கிறது. பட்டை மேலே, அச்சு கீழே இருக்கும் வண்டியில் தடித்த பக்கம் பின்னால் பார்த்தால் காஸ்டர் கூடும், முன்னால் பார்த்தால் குறையும். ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரி போட்டால் அச்சே முறுக்கிக்கொள்ளும்.

யூ போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுதியாக முறுக்கக் கூடாது. எடை பட்டையில் இறங்கிய பிறகு, குறுக்கும் மறுக்குமாக மாற்றி மாற்றி, டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்க வேண்டும். ரப்பர் புஷ் உள்ள பின்னுக்கும் அதே கதை. தொங்கும்போது இறுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். பிறகு முதல் லோடு அடித்து வந்ததும் எல்லா யூ போல்ட்டையும் திரும்ப முறுக்க வேண்டும். புதுப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது போல்ட் கண்டிப்பாகத் தளரும். பத்துப் பேருக்குச் சொன்னால் இரண்டு பேர்தான் திரும்பி வருகிறார்கள். தளர்ந்த யூ போல்ட்டோடு ஓடினால் சென்டர் போல்ட் அறுந்துவிடும், அப்புறம் அச்சு தன் இஷ்டத்துக்கு நகரும்.

கடைசியாகப் பின்பக்கம். டார்க் ராடு மாற்றினேன் என்று சொன்னீர்கள். என் சந்தேகம் அங்கேதான். ராடு முனைக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் தகடு) இருந்ததா என்று வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அச்சை நேராக்கத்தான் அந்த ஷிம்மைப் போடுவார்கள். பழைய ராடைக் கழற்றும்போது துருவோடு சேர்ந்து கீழே விழுந்துவிடும், யாரும் கண்டுகொள்வதில்லை.

கட்டைவண்டி:

சரி, பின் அச்சு என்றே வைத்துக்கொள்வோம். மூன்று அச்சிலும் சென்சர் மாட்டி லேசரில் பார்க்கிற இடம் எல்லா ஊரிலும் இல்லையே. அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

என்எச் நாற்பத்திநாலு:

தூக்குக்குண்டும் டேப்பும் போதும் அண்ணே. கொத்தனாரிடம் இருக்கிற அதே தூக்குக்குண்டுதான்.

எங்கள் வண்டியில் பார்த்த முறையைச் சொல்கிறேன். காலி வண்டியைச் சமமான சிமெண்ட் தளத்தில் கொண்டுவந்து, கடைசிப் பத்து மீட்டரும் ஸ்டீயரிங்கை ஆட்டாமல் நேராக ஓட்டி, பிரேக் அடிக்காமல் தானாக நிற்கும்படி நிறுத்த வேண்டும். பிரேக் அடித்து நிறுத்தினால் புஷ் எல்லாம் ஒரு பக்கம் அழுந்திக்கொண்டு பொய் அளவு காட்டும். பிறகு சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடுங்கள்.

முதலில் பின் அச்சு இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். ஹப் முகத்தின் நட்டநடு மையத்திலிருந்து அடுத்த ஹப்பின் மையம் வரை. கிளீனர் சைடு ஒரு அளவு, டிரைவர் சைடு ஒரு அளவு. டேப் தொங்காமல் இழுத்துப் பிடிக்க ஆள் வேண்டும். இரண்டும் 3 மி.மீ.க்குள் ஒத்துப்போக வேண்டும்.

அடுத்து நடு அச்சு சேஸிஸுக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சேஸிஸில் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் கம்பெனி போட்ட ஓட்டை எதையாவது தேர்ந்தெடுங்கள். ரிவெட் எடுத்துவிட்டு நாமே போட்ட ஓட்டை வேண்டாம். அங்கிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, குண்டு ஆடாமல் நின்றதும் தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். அச்சில் இரண்டு பக்கமும் பட்டை இருக்கையின் ஒரே விளிம்பிலிருந்தும் அதேபோலப் புள்ளி. இப்போது தரையில் நான்கு புள்ளி இருக்கும். நேர் தூரம் இரண்டு, குறுக்குத் தூரம் இரண்டு. குறுக்குத் தூரம் இரண்டும் சமமாக இல்லை என்றால் அச்சு கோணல். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தால் கோணல் கண்ணுக்கே தெரியும். காற்று அடிக்கிற நேரத்தில் பார்க்காதீர்கள், குண்டு நிற்காது.

சங்ககிரி லோடு:

அளந்து பார்த்தோம். பின் அச்சு இரண்டுக்கும் நடுவில் டிரைவர் சைடு தூரம் கிளீனர் சைடை விட 13 மில்லி குறைவாக இருக்கிறது. நம்ப முடியாமல் டேப்பை மாற்றி அளந்தோம், அதேதான். தூக்குக்குண்டு வைத்துப் பார்த்ததில் கடைசி அச்சு ஏறக்குறைய நேராக இருக்கிறது. நடு அச்சில்தான் குறுக்குத் தூரம் ஒத்துப்போகவில்லை. டிரைவர் சைடு முனை பின்னால் வந்திருக்கிறது.

ஷிம் பற்றி வேலை பார்த்த இடத்தில் கேட்டேன். "அப்படி எதுவும் இல்லை" என்று சொல்கிறார்கள். ஆனால் கழற்றிய பழைய ராடுகளை நாங்கள் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தோம். அதில் ஒரு ராடின் முனையில் தகடு உட்கார்ந்திருந்த தடம் தெளிவாக இருக்கிறது. சுற்றிலும் துரு, நடுவில் சதுரமாகப் பளபளப்பு.

ஆட்டோ வாத்தியார்:

13 மி.மீ. என்பது ஹப்பில் அளந்தது. கீழ் டார்க் ராடுகள் இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் இடைவெளி இருக்கும். ஹப் முகத்திலிருந்து மறுபக்க ஹப் முகம் வரை ஏறக்குறைய 2.3 மீட்டர். ராடு முனையில் விட்டுப்போன தடிப்பு ஹப்பில் இரண்டேகால் மடங்காகப் பெரிதாகித் தெரியும். 13-ஐ 2.3-ஆல் வகுத்தால் ஐந்தரை, ஆறு மில்லி வருகிறது. பழைய ஷிம் அந்தத் தடிப்பில்தான் இருந்திருக்க வேண்டும்.

நடு அச்சின் ராடு, நடு பிராக்கெட்டிலிருந்து அச்சை முன்னால் தள்ளிப் பிடிக்கிறது. டிரைவர் சைடில் ஷிம் விட்டுப்போனால் அந்த முனை பின்னால் வரும். வண்டி கிளீனர் சைடு இழுக்கும். நீங்கள் சொன்ன குறை அத்தனையும் ஒரே கோட்டில் வந்துவிட்டது. கோணம் என்று பார்த்தால் மூன்றில் ஒரு டிகிரிதான். ஆனால் அந்த அச்சில் நான்கு டயர், ஒவ்வொன்றின் மேலும் டன் கணக்கில் எடை.

பட்டைக்கடை:

ஷிம்மைக் கண்டபடி கடையில் கிடைக்கிற வாஷரை அடுக்கிப் போடாதீர்கள் தம்பி. ராடு முனை முழுதாக உட்காரும் அளவுக்கு அகலமான, ஒரே தடிப்புள்ள எஃகுத் தகடாக இருக்க வேண்டும். போல்ட் நீளம் போதுமா என்றும் பாருங்கள். தகடு ஏறிய பிறகு நட்டுக்கு வெளியே இரண்டு, மூன்று புரியாவது தெரிய வேண்டும். போட்டுவிட்டு வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, திரும்ப அளந்து பார்த்த பிறகுதான் முன்பக்கம் போக வேண்டும். பின்பக்கத்தை நேராக்காமல் முன்பக்கம் டோ வைத்தது வேலையே இல்லை. பின் அச்சு எந்தத் திசையைப் பார்க்கிறதோ அதை வைத்துத்தான் முன்பக்கத்தையே நேர் என்று சொல்ல முடியும்.

வாளையார் ரூட்:

நடுவில் ஒரு சந்தேகம். என் டிரைவர் அலைன்மென்ட்டை லோடோடுதான் பார்க்க வேண்டும் என்கிறார். பட்டறையில் காலியாகத்தான் கொண்டுவரச் சொல்கிறார்கள். எது சரி?

கட்டைவண்டி:

லோடோடுதான் சரி என்பது என் கருத்து. வண்டி ஓடுவது லோடோடு, டயர் தேய்வதும் லோடோடு. காலியாக அளந்து என்ன பயன்?

ஆட்டோ வாத்தியார்:

உங்கள் நியாயம் புரிகிறது. ஆனால் கையேட்டில் அச்சிட்டிருக்கும் அளவு எந்த நிலைக்கு என்று முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் காலி வண்டிக்கான அளவுதான் இருக்கும். லோடு ஏறும்போது முன் அச்சின் ஐ-பீம் (அச்சின் முதன்மைத் தண்டு) கொஞ்சம் வளையும். கேம்பர் (சக்கரத்தின் மேல்முனை வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு) குறையும், டோ வெளிப்பக்கம் நகரும். அதற்கு இடம் விட்டுத்தான் காலியாக இருக்கும்போது லேசாக டோ-இன் வைக்கச் சொல்கிறார்கள். லோடு ஏறியதும் பூஜ்யத்துக்கு வந்து நிற்கும். காலி வண்டிக்கான எண்ணை லோடு வண்டியில் வைத்தால், காலியாகத் திரும்பி வரும்போது டோ-இன் அதிகமாகிவிடும். காலி வண்டியில் பூஜ்யம் வைத்தாலோ லோடில் டோ-அவுட் ஆகிவிடும். எனவே கையேடு எந்த நிலையைச் சொல்கிறதோ அந்த நிலையில் பாருங்கள். பாதி லோடில் பார்ப்பதுதான் எதற்கும் உதவாதது.

பட்டைக்கடை:

வாத்தியார் சொல்வது சரி. கூடவே ஒன்று. 2018 ஜூலையில் மூன்று அச்சு வண்டிக்கு மொத்த எடையை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்திய பிறகு, "பின்னால் ஒரு பட்டை சேர்த்துப் போடுங்கள்" என்று கேட்டு வருகிறவர்கள் அதிகம். பின்னால் பட்டை சேர்த்தால் பின்பக்கம் உயரும், மூக்கு இறங்கும். அதில் காஸ்டர் என்ன ஆகும் என்று வாத்தியார்தான் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் அப்படிப் போட்ட வண்டிகள் காலியாக வரும்போது ரோட்டில் அலைகின்றன.

ஆட்டோ வாத்தியார்:

சேஸிஸ் எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவும் அப்படியே காஸ்டரில் கழியும். முன் அச்சிலிருந்து பின் அச்சுகளின் நடு வரை 5,200 மி.மீ. என்று எடுத்துக்கொண்டால், பின்பக்கம் 90 மி.மீ. உயர்ந்தால் சாய்வு ஒரு டிகிரி. 45 மி.மீ. என்றால் அரை டிகிரி. முன் அச்சில் இருப்பதே சில டிகிரிதான், அதில் அரை டிகிரி போனாலும் டிரைவர் கையில் தெரியும். வளைவில் திருப்பிய பிறகு ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வராது, நேர் ரோட்டில் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கும். முன்பக்கம் மட்டும் புதுப் பட்டை போட்டு உயர்ந்தால் இதற்கு எதிர்மாறு. காஸ்டர் கூடும், ஸ்டீயரிங் கனக்கும். சங்ககிரி லோடு வண்டியில் இரண்டு பக்கமும் வேலை நடந்திருப்பதால் முன்னும் பின்னும் சேஸிஸ் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து வைத்துக்கொள்ளுங்கள். காஸ்டரையும் ஒரு முறை இயந்திரத்தில் பார்த்துவிடுவது நல்லது.

சங்ககிரி லோடு:

வேலை முடிந்தது. வேறு பட்டறையில், நாங்கள் பக்கத்திலேயே நின்று செய்தோம். டிரைவர் சைடு ராடு முனையில் 6 மில்லித் தகடு போட்டதும் பின் அச்சு தூரம் இரண்டு பக்கமும் ஒரு மில்லி வித்தியாசத்துக்கு வந்துவிட்டது. யூ போல்ட் எல்லாவற்றையும் ரெஞ்ச் வைத்துப் பார்த்தார்கள். முன்பக்கம் கிளீனர் சைடில் இரண்டு நட்டு கால் சுற்றுக்கு மேல் ஏறியது. ஆப்புத் தகடு இரண்டும் தடித்த பக்கம் பின்னால் பார்த்துச் சரியாகவே இருந்தன.

பிறகு டோ. முன் அச்சைத் தூக்கி, டயரைச் சுற்றவிட்டு, நடுவில் சாக்பீஸ் பூசி அதன்மேல் ஆணியால் ஒரு மெல்லிய கோடு கிழித்தார்கள். இறக்கி வண்டியைக் கொஞ்ச தூரம் முன்னால் உருட்டிவிட்டு, ஹப் உயரத்தில் முன்னாலும் பின்னாலும் கோட்டுக்குக் கோடு அளந்தார்கள். முன்னால் ஒன்றரை மில்லி குறைவு. அதைத் தொடவில்லை.

இப்போது கையை விட்டால் வண்டி நேராகப் போகிறது. தொப்பூர் இறக்கத்தில் லோடோடு பிரேக் பிடித்தும் பார்த்தோம், இழுக்கவில்லை. ஆனால் நேராகப் போகும்போது ஸ்டீயரிங் வீல் இன்னும் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. வீலைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிவிடலாம் என்று டிரைவர் சொல்கிறார். செய்யலாமா?

டயர்தடம்:

வேண்டவே வேண்டாம். ஸ்டீயரிங் பெட்டிக்கு ஒரு நடு இருக்கிறது. வண்டி நேராகப் போகும்போது பெட்டியும் அந்த நடுவில் இருந்தால்தான் ஆட்டமில்லாமல் பிடிக்கும், இரண்டு பக்கமும் சமமாகத் திரும்பும். பவர் ஸ்டீயரிங்கில் கடைசி வரை திருப்பும்போது அழுத்தத்தைக் குறைக்கும் வால்வும் அந்த நடுவை வைத்தே அமைக்கப்பட்டிருக்கிறது. வீலை மட்டும் தள்ளி மாட்டினால் பார்க்க நேராக இருக்கும், பெட்டி நடு தவறியே ஓடும்.

முன் பட்டை புதிதாகி வண்டி உயர்ந்ததால் டிராக் லிங்க்கின் (ஸ்டீயரிங் பெட்டியைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) சாய்வு மாறியிருக்கும். அதனால்தான் வீல் சாய்கிறது. பெட்டியை அதன் குறியில் நடுவுக்குக் கொண்டுவந்து, சக்கரத்தை நேராக வைத்து, டிராக் லிங்க் நீளத்தை அதற்கேற்பத் திருத்தச் சொல்லுங்கள். நீளம் திருத்த முடியாத லிங்க் என்றால் டிராப் ஆர்ம் (பெட்டியிலிருந்து லிங்க்கை அசைக்கும் கை) சரியான குறியில் மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதுப் பட்டை இன்னும் கொஞ்சம் இறங்கும் என்பதால் யூ போல்ட் மறுமுறுக்கு முடிந்த பிறகு இதைச் செய்வது நல்லது.

பிக்கப் பிரியன்:

லாரி ஆட்களுக்கு நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப்பில் இரண்டு அங்குலம் லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் உதிரிகள்) போட்டிருக்கிறேன். இதே முறையில் பார்க்கலாமா?

ஆட்டோ வாத்தியார்:

பின்பக்கத்துக்கு ஆம், அங்கே பட்டைதான். சென்டர் போல்ட், யூ போல்ட் விஷயமெல்லாம் அப்படியே பொருந்தும். முன்பக்கம் வேறு. உங்களுடையது இரட்டை விஷ்போன் (மேலும் கீழும் ஆர்ம் உள்ள அமைப்பு), காயில் ஸ்பிரிங். லாரியின் ஐ-பீமில் கேம்பர் அச்சிலேயே அமைந்த அளவு. பட்டை மாற்றினாலும் பெரிதாக மாறாது. உங்கள் வண்டியில் உயர்த்தியதும் விஷ்போன்கள் கீழ்நோக்கிச் சாயும், கேம்பர், காஸ்டர், டோ மூன்றும் சேர்ந்து மாறும். கிட் போட்ட அன்றே நான்கு சக்கர அலைன்மென்ட் பாருங்கள். முதலில் காஸ்டரும் கேம்பரும், கடைசியில் டோ. திருத்தும் எல்லையைத் தாண்டியும் காஸ்டர் வரவில்லை என்றால் மேல் ஆர்மை மாற்ற வேண்டியிருக்கும். டிரைவ் ஷாஃப்ட் பூட், பிரேக் ஹோஸ் இரண்டும் இழுபடாமல் இருக்கிறதா என்று சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பாருங்கள்.

சங்ககிரி லோடு:

டிராக் லிங்க் விஷயத்தை அடுத்த லோடு இறக்கிவிட்டு வந்ததும் யூ போல்ட்டோடு சேர்த்துப் பார்க்கிறோம். கடைசியாக ஒரு கேள்வி. தேய்ந்துபோன முன் டயர் இரண்டையும் என்ன செய்வது? உள்ளே இன்னும் நிறையப் பொத்தான் (டயரின் ரப்பர்க் கட்டை) இருக்கிறது, ஓரம்தான் போயிருக்கிறது.

டயர்தடம்:

ஓரத்தில் கம்பியோ துணியோ தெரியவில்லை, பக்கச் சுவரில் வெட்டு இல்லை என்றால் தூக்கிப் போட வேண்டாம். திசைக்குறி இல்லாத டயர் என்றால் ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பிப் போடச் சொல்லுங்கள். தேய்ந்த ஓரம் மறுபக்கம் போகும். முன்னாலேயே வைக்காதீர்கள். தேய்மானம் ஒரு பக்கம் சரிந்திருப்பதால் அந்த டயரே கொஞ்சம் இழுக்கும், அலைன்மென்ட் தப்பா டயர் தப்பா என்று மறுபடியும் குழம்புவீர்கள். பின்னால் ஜோடிச் சக்கரத்தில் போடலாம், ஆனால் விட்டம் ஒத்துப்போகும் டயரோடு சேர்த்துத்தான் போட வேண்டும். இல்லையென்றால் பெரிய டயர் மட்டும் எடையைத் தூக்கும். முன்னால் போடும் புது ஜோடியில் காற்றழுத்தத்தைச் சரியாக வைத்து, உள் ஓரம், நடு, வெளி ஓரம் மூன்றிலும் பொத்தான் ஆழத்தை இப்போதே அளந்து எழுதி வையுங்கள்.

பட்டைக்கடை:

யூ போல்ட் முறுக்க வரும்போது பழைய ராடையும் எடுத்துவரச் சொல்லுங்கள் தம்பி, அந்தத் தகட்டுத் தடத்தை எங்கள் பட்டறைப் பையன்களுக்குக் காட்ட வேண்டும். ஒரு படமாவது எடுத்து இங்கே போடுங்கள்.